ஜோடியாகத்தான் தருவேன்

மொரியோகா
பிப்ரவரி 8, 1978

அன்புத் தம்பி ஜுன்பேய்க்கு,

கூரைப் பனியைத் தள்ளித் தள்ளி என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அதைத் தவிர நானும் உன் அண்ணி ஃபுமியேயும் நலம். ஒசாகாவில் நீயும் சதாயோவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. அவருடைய ஸ்பீக்கர் ஜோடியை நாம் ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொண்டும் எட்டு வருஷம். இடப்பக்கத்துப் பெட்டி உன்னிடம், வலப்பக்கத்துப் பெட்டி என்னிடம். இசைத்தட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பதிந்திருக்கிற பாட்டில் நீ இடப்பாதியைக் கேட்கிறாய், நான் வலப்பாதியைக் கேட்கிறேன். ஊரில் யாரிடமாவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன வருஷம் என் பெட்டியைச் சும்மாவே அனுப்புகிறேன் என்று எழுதினேன். "அண்ணன் போடுகிற பிச்சை எனக்கு வேண்டாம்" என்று பதில் போட்டாய். சரி, பிச்சை வேண்டாம். போட்டி வைத்துக்கொள்ளலாமா?

ஆளுக்கொரு ஆம்ப்ளிபையரை அவரவர் கையாலேயே கட்டுவோம். ஒற்றை வால்வு ஆம்ப்ளிபையர், இரண்டு பேருக்கும் 2ஏ3 என்கிற ஒரே ரகக் கண்ணாடி வால்வு. அப்பாவின் பெட்டி மெல்ல ஊதினாலே முழங்கக்கூடியது, அதற்கு இந்த ஒரு வால்வு தாராளம். கடைசியில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் எந்த டிரான்ஸ்பார்மரை வைப்பது என்பது அவரவர் சாமர்த்தியம். சத்தத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அக்டோபரில் உன் வீட்டில் இரண்டையும் வைத்துக் கேட்போம். தோற்றவன் தன் பெட்டியை ஜெயித்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் அண்ணன்
எய்சோ


ஒசாகா
பிப்ரவரி 15

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

பயமா? கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்கு ஓடிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டோடு வாசலில் நின்று சதாயோ கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இங்கே குளிர் பரவாயில்லை. உங்கள் தோளுக்கு மருந்துப் பட்டை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

நான் கட்டுகிற செயற்கைப் பற்களெல்லாம் பட்டறையில் காத்துக் கிடக்கின்றன. எனக்கு டிரான்ஸ்பார்மர் நினைப்பாகவே இருக்கிறது. கடையில் மேசை நிறைய பரப்பி வைத்திருந்தான். ஒன்று கறுப்பு டப்பாவில் மூடிய கனத்த சாமான், தூக்கினால் மணிக்கட்டு இறங்குகிறது. இன்னொன்று திறந்தது, செம்புக் கம்பி பளபளவென்று வெளியே தெரிகிறது. நான் ஒவ்வொன்றாக எடுத்து எடை பார்த்துத் தட்டுவதைப் பார்த்துக் கடைக்காரன், "ஐயா, இது பூசணிக்கா இல்ல, தட்டிப் பாத்து வாங்குறதுக்கு" என்றான்.

நடுவரை இப்போதே முடிவு செய்துவிட்டேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒகோனோமியாகி அடை சுட்டு விற்கிற தத்சுனோ அம்மாள். இந்தத் தெருவில் அந்த அம்மாள் இதுவரை எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அதைவிட நியாயமான நீதிபதி கிடைக்காது.

ஒரே ஒரு சந்தேகம். போட்டியை ஏன் என் வீட்டில் வைக்கிறீர்கள்? ஜெயித்தால் இரண்டு பெட்டியையும் ரயிலில் அவ்வளவு தூரம் நீங்கள் அல்லவா இழுத்துக்கொண்டு போக வேண்டும்? ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டதா?

புத்தாண்டு அன்று போன் செய்தபோது "என்னடா, என்னடா" என்று கேட்டுக்கேட்டு வைத்துவிட்டீர்கள். உங்கள் பக்கம் லைன் கோளாறா? அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி
ஜுன்பேய்


மொரியோகா
ஏப்ரல் 2

தம்பிக்கு,

பனி உருகிக் கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. மருந்துப் பட்டை நன்றாக வேலை செய்தது. உன் சதாயோவைச் சாப்பாட்டுத் தட்டோடு நிற்க வைக்காதே, பாவம்.

உன் கேள்விக்குப் பதில்: என் வீட்டுத் தரை மரப்பலகை, சத்தத்துக்கு அதிர்கிறது. உன்னுடையது சிமெண்ட்.

இப்போது உட்கார்ந்துகொண்டு படி. நான் முடித்துவிட்டேன்! நீ இன்னும் கடைத்தெருவில் பூசணிக்காய் தட்டிக்கொண்டிருக்கும்போது உன் அண்ணன் ஆம்ப்ளிபையரைக் கட்டி, விளக்கேற்றி, பாட்டும் கேட்டாகிவிட்டது. இங்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழைய ஒலிபெருக்கியை உடைத்துப் போட்டார்கள். அதிலிருந்து அருமையான டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடைத்தது. குழந்தைத் தலை அளவு இருக்கிறது. சத்தம் அவ்வளவு நாசூக்கு. வேண்டாத உறுமல், முழக்கம் எதுவும் கிடையாது. கேசட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு உன் பெட்டியைத் துடைத்துத் தயாராக வை.

எய்சோ


ஒசாகா
ஏப்ரல் 9

அண்ணாவுக்கு வணக்கம்.

செர்ரிப் பூ எல்லாம் நேற்றைய மழையில் உதிர்ந்துவிட்டது. நாங்கள் நலம். நலம் என்பதைவிட, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று சொல்லலாம்.

கேசட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு சதாயோ, "ஏங்க, அந்தப் பெரிய பிடில் வாசிக்கிறவரு கை கழுவப் போயிட்டாரா?" என்றாள். அடித்தொண்டைச் சத்தமே இல்லை அண்ணா! டபுள் பேஸ் ஆளையே காணோம். டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கிறது. இதற்குப் பெயர் நாசூக்கா?

பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் வால்வு இரட்டையாக இருந்திருக்கும். ஒன்று இழுக்க ஒன்று தள்ள, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும், இரும்புக்குச் சிரமம் இல்லை. ஒற்றை வால்வு அப்படியா? விடாமல் ஒரே திசையில் மின்சாரத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். இரும்பு மூச்சு முட்டிப் போகும். அதற்காகத்தான் ஒற்றை வால்வு டிரான்ஸ்பார்மரில் இரும்புத் தகடுகளுக்கு நடுவே காகிதம் நுழைகிற அளவு இடைவெளி விடுவார்கள். உங்களுடையதைத் திறந்து பாருங்கள், இடைவெளி இருக்காது. நம்மைப் போன்ற ஆம்ப்ளிபையர் பைத்தியங்களில் முதல் முறை கட்டுகிற பொடியன்கள் செய்கிற தப்பு இது. நாற்பது வருஷம் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பிடித்த கை, பெரிய சாமானைப் பார்த்ததும் சொக்கிப் போய்விட்டதே!

பெட்டியைத் துடைக்கச் சொன்னீர்கள். துடைத்துவிட்டேன். பக்கத்தில் இன்னொன்று வைக்க இடமும் ஒழித்துவிட்டேன்.

ஜுன்பேய்


மொரியோகா
மே 28

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதம். நெல் நடவு நேரம், அண்ணியின் பிறந்த வீட்டுக்கு உதவிக்குப் போயிருந்தோம். எல்லோரும் சௌக்கியம்.

திறந்து பார்த்தேன். இடைவெளி இல்லை. அண்ணி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

போன வாரம் டோக்கியோ போனேன். கமாதாவில் ஒகுனோ என்று ஒரு அம்மாள், கணவன் மனைவியாகச் சேர்ந்து டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறார்கள். வாயில் எப்போதும் சிகரெட். பட்டறையில் ஒன்றைக் கேட்க வைத்தாள். ஜுன்பேய், என்ன சொல்ல! நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். டபுள் பேஸ்காரன் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான், தன் அண்ணன் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு. ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். கொடுக்கவில்லை. காரணம் சொல்ல மாட்டேன், நீ எதிரி.

டோக்கியோவில் வேறொரு வேலையும் இருந்தது. அது சரியாக வரவில்லை. விடு.

உனக்கு என்ன கிடைத்தது? மறைக்காமல் எழுது.

எய்சோ


ஒசாகா
ஜூன் 20

அண்ணாவுக்கு,

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. சட்டை காய மாட்டேன் என்கிறது, சூட்டுக்கோல் துரு பிடிக்கிறது, ஆனால் உற்சாகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"ஒகுனோ" என்ற பெயரை மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தை மறைத்தால் நான் சும்மா இருப்பேனா? பல் வைத்தியர்கள் கூட்டம் என்று சதாயோவிடம் பொய் சொல்லிவிட்டு டோக்கியோ ரயில் ஏறினேன். பட்டறைக் கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் சிகரெட்டை எடுக்காமலே,

"மறுபடியும் வந்துட்டியா? உனக்குத்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்றாள்.

"நான் இப்பத்தான் மொதல் தடவையா வரேன்" என்றேன்.

உற்றுப் பார்த்தாள். "அட, இவன் கொஞ்சம் இளசு. அந்தக் கெழவனுக்குத் தம்பியா?"

மன்னிக்கவும் அண்ணா, சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒன்று வேண்டும் என்றேன். கையை விரித்துவிட்டாள்.

"ஜோடியாத்தான் தருவேன். ஒரே இரும்புத் தகடு, ஒரே நாள், ஒரே கை. எங்க வீட்டுக்காரர் ரெண்டையும் ஒண்ணாச் சுத்தி, ஒண்ணா அளந்து பாத்து வைக்கிறாரு. ஒண்ண நீ எடுத்துட்டுப் போனா இன்னொண்ணு இங்க அநாதையா உக்காந்திருக்கும். அத யாரு வாங்குவா, உங்கப்பனா?"

"எங்கிட்ட ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கு."

"உங்கண்ணனும் இதையேதான் சொன்னான். ரெண்டு பேரும் சேந்து வாங்கிட்டுப் போங்களேன்! இதுக்கு எதுக்கு ரெண்டு ரயில் டிக்கெட்டு?"

வாசலுக்கு வந்து மழையில் நின்று தனியாகச் சிரித்தேன். அவள் சொல்வதில் என்ன தப்பு? சேர்ந்து வாங்குவோம். ஆளுக்கொன்று. டிரான்ஸ்பார்மர் ஒன்றாகவே இருக்கட்டும், மிச்ச வேலையில் மோதிக்கொள்வோம். ஆனால் இரண்டு ரகம் வைத்திருக்கிறாள். இரண்டரை ஆயிரம் ஓம் ரகம் சத்தத்தை வாரி வழங்கும். மூன்றரை ஆயிரம் ஓம் ரகம் கொஞ்சம் குறைத்துத்தான் தரும், ஆனால் குரல் சுத்தம். உங்களுக்கு எது?

டோக்கியோவில் வேறென்ன வேலை? விடு என்றால் எப்படி விடுவது?

ஜுன்பேய்


மொரியோகா
ஜூலை 3

தம்பிக்கு,

இங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நலம்.

சேர்ந்தே வாங்கலாம். எந்த ரகம் என்பதை நீயே முடிவு செய். உன் காதுக்குப் பிடித்ததை வாங்கு. இரண்டையும் உன் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி, எனக்கு ஒன்றை அனுப்பிவை.

என்னைக் கெழவன் என்றதற்கு அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தையாவது சண்டை போட்டாயா?

எய்சோ


ஒசாகா
ஆகஸ்ட் 15

அண்ணா!

ஓபோன் பண்டிகைக்கு, இறந்தவர்களுக்கு வைக்கிற விளக்கை அப்பாவுக்கு ஏற்றிவிட்டு நேராக இதை எழுதுகிறேன். வெயில் கொளுத்துகிறது. நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

பாடிவிட்டது! மூன்றரை ஆயிரம் ஓம் ரகத்தைத்தான் எடுத்தேன். நூடுல்ஸ் கடையில்கூட எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை என் இஷ்டத்துக்கு விட்டதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. திரும்ப டோக்கியோ போய் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதல் ரகத்தில் பாடகி மேடையில் நின்று ஊருக்கே பாடினாள். இரண்டாவதில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடினாள். ஒகுனோ அம்மாள், "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, எத எடுக்கப் போறன்னு" என்று சொல்லிக்கொண்டே மூன்றரையைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதன்முதல் சுவிட்சைப் போட்டேன். வால்வு மெதுவாகச் சிவந்தது. ஒரு உறுமல்கூட இல்லை. ஊசியை வைத்தேன். அப்பாவின் பெட்டி வாய் திறந்தது அண்ணா! எட்டு வருஷமாக அது என்னிடம் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இப்போதுதான் பேசுகிறது. சதாயோ ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "இது நம்ம வீட்டுப் பெட்டியா?" என்றாள். தத்சுனோ அம்மாள் சுவரைத் தட்டி, "யாருடா அது, பொண்ணக் கூட்டிட்டு வந்து பாட விடுறது!" என்று கத்தினாள்.

உங்கள் பங்கு நேற்றே ரயில் பார்சலில் கிளம்பிவிட்டது. சீக்கிரம் கட்டுங்கள். தோற்பதற்காவது சீக்கிரம் கட்டுங்கள்!

நலமா?

ஜுன்பேய்


மொரியோகா
செப்டம்பர் 24

தம்பிக்கு,

காற்று குளிர்ந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் பத்திரமாக வந்தது. கட்டிவிட்டேன். நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். இதை ஜெயித்த பிறகு சொன்னால் மரியாதையாக இருக்கும், ஆனால் இப்போதே சொல்லத் தோன்றுகிறது.

அண்ணியும் வருகிறாள். என் பெட்டியை முன்கூட்டியே சரக்கு ரயிலில் அனுப்பிவிட்டேன். மூலையெல்லாம் பழைய பஞ்சு மெத்தை வைத்துச் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது ஜாக்கிரதை.

எய்சோ


ஒசாகா
அக்டோபர் 30

அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் அலுப்பில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே எல்லோரும் நலம். இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக் காகிதங்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரைக்குப் பின்னால் என் ஆம்ப்ளிபையரையும் உங்களுடையதையும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றிப் போட்டோம். தத்சுனோ அம்மாள் கையில் கரண்டியோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். இதுக்கா என் கடைய மூட வெச்சீங்க?" என்றாள். நீங்கள் உடனே எழுந்து, "இல்லம்மா, ரெண்டாவது ஒரு படி மேல. அது தம்பியோடது. நான் தோத்துட்டேன்" என்றீர்கள். ஜெயித்த சந்தோஷத்தில் நான் குதித்தேன். உங்களுக்கே அதில் அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு எட்டு வருஷம் கழித்து இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். உங்கள் ஆம்ப்ளிபையர் வலப்பக்கப் பெட்டிக்கு, என்னுடையது இடப்பக்கப் பெட்டிக்கு. என்னுடையதை இடம் மாற்றும்போது உடையக்கூடாதே என்று வால்வைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டிருந்தேன். நீங்கள் நடுவில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "போடுடா, சீக்கிரம் போடு" என்று குழந்தை மாதிரி அவசரப்படுத்தினீர்கள். அந்தப் பரபரப்பில் நான் அப்படியே ஊசியை வைத்துவிட்டேன். வலப்பக்கப் பெட்டி மட்டும்தான் பாடியது.

நீங்கள் கையைத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சொன்னீர்கள்: "ஆகா! இந்தா, இடப்பக்கம் டிரம்பெட்டு. அந்தப் பக்கம் பியானோ. நடுவுல அந்தப் பொண்ணு நிக்கிறா பாருடா, கையால தொடலாம் போல இருக்கு! அப்பா ரூம்ல கேட்ட மாதிரியே!"

அண்ணா, அப்போது இடப்பக்கப் பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சத்தமும் வரவில்லை. வால்வு என் பையில் இருந்தது.

தத்சுனோ அம்மாள் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அண்ணி தேநீர்க் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் போன வேகத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. புத்தாண்டு போன், டோக்கியோவில் வேறு வேலை, எல்லாம். சத்தமில்லாமல் வால்வைப் பொருத்தினேன். கொஞ்ச நேரத்தில் வீடே நிறைந்தது. நான் அழுததைப் பார்த்து, "ஜெயிச்சவன் எதுக்குடா அழற?" என்று முதுகில் தட்டினீர்கள்.

எப்போதிலிருந்து அண்ணா?

ஜுன்பேய்


மொரியோகா
டிசம்பர் 1

ஜுன்பேய்க்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உடம்பு நலம்தான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடக்காது இல்லை. வலியும் இல்லை, காரணமும் இல்லை. டோக்கியோவில் பெரிய வைத்தியரைப் பார்த்தேன். இனி வராது என்று அவர் மரியாதையாகச் சொன்னார்.

ஒற்றைக் காதுக்கு எங்கேயடா இரண்டு பக்கம்? அப்பாவின் ஜோடி உன்னிடம் இருந்தால் ஒரு மகனாவது அதை முழுசாகக் கேட்பான் என்று தோன்றியது. சும்மா கொடுத்தால் நீ வாங்க மாட்டாய். சொல்லிக் கொடுத்தால் பாவம் பார்ப்பாய். அதனால்தான் போட்டி. பள்ளிக்கூட டிரான்ஸ்பார்மர் விஷயத்தை மட்டும் நான் வேண்டுமென்று செய்யவில்லை, அது என் முட்டாள்தனமேதான்.

உன் வீட்டில் நான் சொன்ன டிரம்பெட்டும் பியானோவும் அந்தப் பெண்ணும் பொய் இல்லை. அவர்கள் அப்பாவின் அறையில் நின்ற இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்படியே கேட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. ஜெயித்தது ஜெயித்ததுதான், பெட்டி உன்னுடையது. இதில் மறுபேச்சு வேண்டாம்.

எய்சோ


ஒசாகா
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

குளிருக்கு அடக்கமாக இருக்கிறீர்களா? நாங்கள் இருவரும் நலம், பரபரப்பாக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மறுபேச்சு இல்லை. ஜெயித்தவன் நான், பெட்டி என்னுடையது. என் பொருளை எங்கே வைப்பது என்பது என் இஷ்டம், இல்லையா? இரண்டு பெட்டியும் இரண்டு ஆம்ப்ளிபையரும் இன்று காலை சரக்கு ரயிலில் மொரியோகாவுக்குக் கிளம்பிவிட்டன. தத்சுனோ அம்மாளே கயிறு கட்டினாள். "போய்த் தொலையட்டும், இனிமே நிம்மதியாத் தூங்கலாம்" என்றாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றாள்.

வந்ததும் பிரிக்காதீர்கள். புத்தாண்டுக்கு நானும் சதாயோவும் வருகிறோம், நானே வைத்துத் தருகிறேன். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, வலக்காதுக்கு நேராக இரண்டு பெட்டியையும் நிறுத்தப் போகிறேன். இடப்பாதியும் வலப்பாதியும் உங்கள் நல்ல காதிலேயே வந்து விழட்டும். மரத்தரை அதிர்ந்தால் அதிரட்டும். என் பொருளைப் பார்க்க நான் ஓபோனுக்கும் வருவேன், நடவுக்கும் வருவேன், காரணமே இல்லாமலும் வருவேன்.

நான் உங்கள் இடப்பக்கம்தான் உட்காருவேன். எட்டு வருஷமாக உங்களைத் திட்ட நினைத்து வைத்திருப்பதையெல்லாம் அங்கிருந்தபடி வாய்விட்டுத் திட்டிக்கொண்டே இருப்பேன். நீங்கள் பாட்டைக் கேளுங்கள்.

உங்கள் தம்பி
ஜுன்பேய்